17 வயதில் துணி வியாபாரம்: கையெழுத்து யார் போடுவது?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரங்களில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் நைட்டி, சுடிதார், டி-ஷர்ட் படங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். அவற்றைப் போடுபவர்களில் பிளஸ் டூ பிள்ளைகளும் உண்டு. ஈரோட்டிலோ திருப்பூரிலோ சரக்கு எடுத்து விற்பது ஒரு வகை. வீட்டிலேயே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுப்பது இன்னொரு வகை.

2025இல் வந்த இரண்டு செய்திகள் இவர்களின் பெற்றோரைக் குழப்பியிருக்கின்றன. 10 வயது முடிந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொன்னது. செப்டம்பர் 22 முதல் துணிகளுக்கான ஜிஎஸ்டி விகிதம் மாறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள், "அப்படியானால் பிள்ளை பெயரிலேயே தொழில் தொடங்கிவிடலாமே" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு.

18 வயது ஆகாதவர் விற்பதையோ தைப்பதையோ சம்பாதிப்பதையோ சட்டம் தடுக்கவில்லை. அவர் கொடுக்கும் வாக்கை அவர்மேலேயே கடனாகக் கட்டுவதைத்தான் தடுக்கிறது. கடை வாடகை, சரக்குக் கடன், வரிப் பதிவு எல்லாம் யாரோ ஒருவர் கொடுக்கும் வாக்கின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே யார் கையெழுத்துப் போடுகிறாரோ, சட்டத்தின் கண்ணில் அவர்தான் முதலாளி.

மைனர் போட்ட கையெழுத்து

18 வயது முடிந்தால் மேஜர் என்பது 1875ஆம் ஆண்டு வயது வருதல் சட்டத்தின் கணக்கு. ஒப்பந்தம் செய்பவர் மேஜராக இருக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. மைனர் செய்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதை அந்தப் பிரிவு நேராகச் சொல்லவில்லை. கல்கத்தாவைச் சேர்ந்த தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 20,000 ரூபாய்க்குத் தன் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்த வழக்கில், அன்றைய இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903இல் அதற்கு விடை சொன்னது: அந்தப் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இன்றுவரை நீதிமன்றங்கள் பின்பற்றுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

இதிலிருந்து கிளைக்கும் விளைவுகள் நான்கு.

1. மைனருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி, ஒப்பந்தத்தைக் காட்டி அவர்மேல் வழக்குப் போட்டுப் பணம் வாங்க முடியாது. உணவு, உடை, படிப்பு போன்ற வாழ்க்கைத் தேவைகளைக் கொடுத்தவர் மட்டும் மைனரின் சொத்திலிருந்து ஈடு கேட்கலாம் என்று 68ஆம் பிரிவு சொல்கிறது. தான் உடுத்த எடுத்த ஒரு சுடிதார் அதில் சேரலாம். விற்பதற்காக எடுத்த ஐம்பது சுடிதார் சேராது.

2. வயதைக் கூட்டிச் சொல்லி வாங்கியிருந்தாலும், பிற்பாடு "அப்போது நான் மைனர்" என்ற வாதத்தை எழுப்பலாம். ஆனால் ஏமாற்றிப் பெற்ற ஆதாயம் கையில் இருந்தால் அதைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் சொல்ல முடியும்.

3. 18 ஆனதும் "அந்தப் பழைய கடனை ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. தொடக்கத்திலேயே இல்லாத ஒன்றுக்குப் பிறகு உயிர் கொடுக்க முடியாது.

4. ஆதாயம் மைனர் பக்கம் இருந்தால் கதை வேறு. மைனரே முழுப் பணத்தையும் கொடுத்துத் தன் பெயரில் எழுதி வாங்கிய அடமானம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1916இலேயே சொல்லிவிட்டது.

பிள்ளைகளுக்கு இது சலுகை மாதிரித் தெரியும். நடைமுறையில் இதுவே பூட்டு. விவரம் தெரிந்த மொத்தக் கடைக்காரர் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றுதான் சொல்வார். பாதி மரியாதை, பாதி 1903 தீர்ப்பு. கடை வாடகைப் பத்திரமும் அப்படித்தான். மாதாமாதம் வாடகை கொடுப்பேன் என்ற வாக்கு அதில் இருப்பதால் மைனர் பெயரில் எழுதினால் நிற்காது.

அப்படியானால் யார் பெயரில்?

நான்கு வழிகள் பேசப்படுகின்றன. எல்லாம் ஒரே தரம் இல்லை.

1. பெற்றோரில் ஒருவர் பெயரில் தனியுரிமைத் தொழில். டெல்டாவின் சிறு ஜவுளித் தொழிலுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும். வேலை பிள்ளையுடையது, பொறுப்பு, வரி, வழக்கு எல்லாம் பெற்றோருடையவை. தனியுரிமைத் தொழிலில் தொழிலின் கடனும் வீட்டின் கடனும் ஒன்றுதான். நட்டம் வந்தால் அம்மாவின் நகைவரை வரும்.

2. கூட்டுத் தொழில். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி மைனர் பங்காளியாக முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ள கூட்டாண்மையின் பலன்களில் அவரைச் சேர்க்கலாம், பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தால். கணக்கைப் பார்க்கும் உரிமையும் லாபத்தில் பங்கும் உண்டு. நட்டம் அவருடைய பங்கோடு நின்றுவிடும். சொந்தச் சொத்தைத் தொடாது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தும் கடை இருந்தால் இது நல்ல வழி. மைனர்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து கூட்டாண்மை தொடங்க முடியாது. பள்ளித் தோழிகள் பாதிப் பாதி பேசிக்கொள்வது நட்பு அளவில்தான் நிற்கும்.

3. ஒரு நபர் கம்பெனி. மைனர் அதில் உறுப்பினராகவும் முடியாது, உறுப்பினருக்குப் பின் அவர் இடத்துக்கு வரும் நியமனதாரராகவும் முடியாது.

4. மைனர் பெயரில், காப்பாளர் கையெழுத்தில். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காப்பாளர் போடும் கையெழுத்து மைனரைத் தனிப்பட்ட முறையில் கடனாளி ஆக்காது. இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956 இதை நேராகவே சொல்கிறது. ஆகவே எதிர்த்தரப்பார் கடைசியில் காப்பாளரின் சொந்தப் பொறுப்பைத்தான் கேட்பார்கள். சுற்றி வந்து முதல் வழியிலேயே நிற்போம். அப்பா வெளிநாட்டில், அம்மாதான் எல்லாம் பார்க்கிறார் என்ற வீடுகள் இங்கே நிறைய. அம்மா காப்பாளராகச் செயல்படலாமா என்ற சந்தேகத்தை 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

வங்கிக் கணக்கு வேறு, தொழில் கணக்கு வேறு

ரிசர்வ் வங்கியின் 2025 சுற்றறிக்கை சொல்வது சேமிப்புக் கணக்கையும் வைப்புக் கணக்கையும் பற்றி மட்டுமே. இது முற்றிலும் புதிதும் இல்லை, 2014லேயே இதேபோல் ஓர் அனுமதி இருந்தது. எவ்வளவு தொகைவரை, என்னென்ன வசதியோடு என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். மைனர் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க விடக்கூடாது என்பது கட்டாயம். ஓவர்டிராஃப்ட் இல்லை, தொழில் கடன் இல்லை.

கடனை நம்பித் தொடங்குகிறவர்கள் மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டங்களான முத்ரா, பிஎம்இஜிபி, தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான கடன் திட்டம் ஆகியவற்றுக்கு 18 முடியும்வரை காத்திருக்க வேண்டும். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்துக்கு 21 வயது.

பிள்ளையின் சேமிப்புக் கணக்குக்கு விற்பனைப் பணம் ஜிபேயில் வந்து குவிவது இன்றைய வழக்கம். தொழில் அம்மா பெயரில், பணம் மகன் கணக்கில் என்றால் வரிக் கணக்குப் போடும்போது விளக்கம் சொல்லித் தீராது. அம்மா பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, அதன் க்யூஆர் அட்டையை மட்டும் காட்டுவது நிம்மதி.

ஜிஎஸ்டி: காரைக்கால் என்ற வெளிமாநிலம்

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சின்ன வியாபாரம் இதை எட்டாது என்று எல்லோரும் அசட்டையாக இருக்கிறார்கள். எட்டாமலேயே மாட்டிக்கொள்ள மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, மாநில எல்லை. தரங்கம்பாடியிலோ பொறையாரிலோ இருந்து காரைக்கால் கூப்பிடு தூரம். பேச்சும் ஒன்று, ஆறும் ஒன்று. ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. பொறையாரிலிருந்து காரைக்கால் வாடிக்கையாளருக்குப் பார்சல் அனுப்பினால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. அப்படி விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். 40 லட்சம் என்ற வரம்பு அங்கே வேலை செய்யாது. அரசு அறிவித்த பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு, பான் எண்ணும், சரக்கு அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லும் இருந்தால். ஈரோட்டு நைட்டி அந்தப் பட்டியலில் வராது. பெங்களூரு அத்தைக்கு அனுப்பி அவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் விற்பதற்கும் இதே விதி. காரைக்காலிலேயே கடை போடுகிறவர்களுக்கோ வரம்பு 40 அல்ல, 20 லட்சம்.

இரண்டாவது, கூலி வேலை. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் ஆரி வேலை செய்து கொடுப்பதும் ரவிக்கை தைத்துக் கொடுப்பதும் பொருள் விற்பனை அல்ல, சேவை. 40 லட்சம் என்பது பொருள் மட்டும் விற்பவருக்கு. இரண்டும் சேர்த்துச் செய்தால் வரம்பு 20 லட்சம்.

மூன்றாவது, பான் எண். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. விற்றுமுதல் கடைவாரியாகக் கணக்கிடப்படுவதில்லை, பான் எண்வாரியாகக் கணக்கிடப்படுகிறது. அப்பாவுக்கு ஏற்கெனவே ஜிஎஸ்டி பதிவுள்ள உரக்கடையோ ஹார்டுவேர் கடையோ இருக்கிறது, மகளின் துணி வியாபாரத்தையும் அவர் பெயரிலேயே போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் சட்டையிலிருந்தே வரி போட்டு பில் கொடுக்க வேண்டும். அதே வியாபாரம் வேறு தொழில் இல்லாத அம்மா பெயரில் இருந்தால் 40 லட்சம்வரை பதிவே வேண்டாம். யார் பெயரில் என்ற கேள்வியை மரியாதைக்காக "அப்பா பெயரிலேயே இருக்கட்டும்" என்று முடிக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

விகிதம்: ஆயத்த ஆடையில் ஒரு உருப்படி 2,500 ரூபாய்வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். சேலை துணி வகையில் வருவதால் என்ன விலையானாலும் 5. விளைவு வேடிக்கையானது. 15,000 ரூபாய் பட்டுச்சேலைக்கு 5 சதவீதம், 3,000 ரூபாய்க்குத் தைத்து விற்கும் பட்டுப்பாவாடை சட்டைக்கு 18.

இணையச் சந்தைத் தளங்களில் விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் ஒரு தளர்வு உண்டு. மாநிலத்துக்குள் மட்டும் விற்று, வரம்புக்குள் இருந்தால் பதிவுக்குப் பதில் ஒரு சேர்க்கை எண் போதும். "தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று தளத்தில் அமைத்து வைக்க வேண்டும். அசாமிலிருந்து ஒரு ஆர்டரை ஏற்றாலும் தளர்வு போய்விடும்.

வருமான வரி: கை வேலையா, கடை வேலையா?

மைனரின் வருமானத்தை, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடையதோடு சேர்த்து வரி போடுவது பொது விதி. இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: மைனர் தன் உடலுழைப்பாலோ, திறமை அல்லது தனித் தேர்ச்சியாலோ ஈட்டியது அவருடைய சொந்த வருமானம். 1961 சட்டத்தில் இது 64(1ஏ) பிரிவு. 2026 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண் மாறியது, கருத்து மாறவில்லை.

தானே வரைந்து, தானே ஊசி போட்டு ஆரி வேலை செய்யும் பெண்ணின் கூலி இந்த விலக்குக்குள் வரும். திருப்பூரில் வாங்கி லாபம் வைத்து விற்பது தேர்ச்சியா வெறும் வியாபாரமா என்பது வாதத்துக்குரியது. அதிகாரி சேர்த்துக் கணக்கிடவே வாய்ப்பு அதிகம். இரண்டையும் செய்பவர் இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு எழுதி வைத்தால் பிற்பாடு பேச முடியும். மைனருக்கும் பான் அட்டை கிடைக்கும். விண்ணப்பத்தில் காப்பாளர் கையெழுத்து, அட்டையில் படம் இருக்காது.

உதவிக்கு யார் வரலாம்?

தீபாவளி நெருக்கத்தில் தம்பி பட்டன் தைக்கிறான், பக்கத்து வீட்டுப் பையன் பார்சல் கட்டுகிறான். தம்பியும் பக்கத்து வீட்டுப் பையனும் சட்டத்துக்கு ஒன்றல்ல.

2016இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம்பருவத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைக்கக்கூடாது. குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக அல்லது விடுமுறையில், ஆபத்தில்லாத வேலையில் உதவலாம் என்பது விலக்கு. குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், அப்பாவின் உடன்பிறந்தோர், அம்மாவின் உடன்பிறந்தோர். அத்தை கடையில் 13 வயதுப் பையன் விடுமுறையில் துணி மடித்து வைக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் மடித்து வைத்தால் குற்றம். வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

14 முதல் 18வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. மற்ற இடங்களில் வேலை செய்யலாம், நேரக் கட்டுப்பாட்டோடு: தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் இல்லை, பிறகு ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரம், இரவு 7 முதல் காலை 8வரை கூடாது. பீஸுக்கு இவ்வளவு என்று பேசி 16 வயதுத் தோழிகளை இரவு பத்துவரை உட்கார வைக்கும் "நட்புக்கான உதவி" இதில் அடிபடும். வழக்கு வந்தால் பெயர் யாருடையதோ அவர்மேல் வரும்.

பெயர், படம், "திருபுவனம் பட்டு"

டி-ஷர்ட் அச்சடிப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இணையத்தில் எடுத்த படம் எல்லாம் பொதுச் சொத்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கோபுரத்துக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது, நீங்களே வரைந்து அச்சிடலாம். ஆனால் அந்தக் கோபுரத்தை ஒருவர் போன மாதம் எடுத்த புகைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. கிரிக்கெட் அணியின் சின்னம், காலணி நிறுவனத்தின் முத்திரை ஆகியவை வணிகக் குறிகள். பொய்யாகப் பயன்படுத்தினாலும், அப்படிப்பட்ட துணியை விற்றாலும் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை என்கிறது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம். நடிகர்களின் முகத்தையும் பெயரையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதும் சிக்கல். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் பிரபலங்களின் ஆளுமை உரிமையை ஏற்றது. சுதந்திர தினத்துக்குத் தேசியக் கொடியை உடைத் துணியில் அச்சிடுவதையும் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. நல்லெண்ணத்தில் செய்தாலும் விதி விதிதான்.

நம் ஊருக்கே உரிய ஒன்று, புவிசார் குறியீடு: ஓர் ஊரின் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயரைத் தரும் சட்டப் பாதுகாப்பு. திருபுவனம் பட்டுச்சேலைக்கு 2019இல் அது கிடைத்தது. திருபுவனத்து நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய சேலையை அந்தப் பெயர் சொல்லி விற்பதில் தவறில்லை, பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வேறெங்கோ விசைத்தறியில் ஓடிய சேலையின் படத்தைப் போட்டு "திருபுவனம் பட்டு" என்று தலைப்பு வைத்தால் சிறைத் தண்டனைவரை போகும் குற்றம். "திருபுவனம் மாடல்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயரின் மதிப்பைக் காட்டித்தானே விற்கிறார்கள், அதுவும் கேள்விக்கு உள்ளாகும்.

சொந்தப் பெயரைக் காக்க வணிகக் குறியாகப் பதியலாம். ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். சொந்த வடிவம் வரைபவர்களுக்கு ஒரு நுணுக்கம்: பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் 50க்கு மேல் உருப்படிகள் செய்துவிட்டால் அதன்மேல் உள்ள பதிப்புரிமை போய்விடும். அப்புறம் வடிவமைப்புச் சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது. வெளியில் காட்டும் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

பில்லும் "ரிட்டர்ன் கிடையாது" பலகையும்

பில் கொடுக்காமல் விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கணக்கில் முறையற்ற வணிகம். குறையுள்ள துணியைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ஸ்டேட்டஸில் போடுவது இந்த விதியை மாற்றாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு. அதில் உங்கள் விதியை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளலாம். பொட்டலமிட்ட உருப்படியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் எண் வேண்டும்.

18 முடியும் நாளில்

எல்லாம் அம்மா பெயரில் நடந்திருந்தால், பிறந்தநாள் அன்று தொழில் தானாக மகள் பெயருக்கு வந்துவிடாது. செய்ய வேண்டியவை:

1. பான் அட்டையில் படமும் கையெழுத்தும் சேர்க்கத் திருத்த விண்ணப்பம். வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்து.

2. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதைப் பெயர் மாற்ற முடியாது. பான் எண் மாறுவதால் புதிய பதிவு. சரக்கையும், சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவையும் முறைப்படி மாற்றித் தர வழி உண்டு. அதற்கு முன் பழைய பதிவை ரத்து செய்துவிடக் கூடாது.

3. வணிகக் குறி அம்மா பெயரில் பதிந்திருந்தால், எழுத்து மூலமாக மகளுக்கு மாற்றிக் கொடுத்து அதையும் பதிவகத்தில் பதிய வேண்டும். தொழில் வளர்ந்த பிறகு அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு வரும் இடம் இது.

4. கூட்டாண்மையின் பலனில் சேர்க்கப்பட்டவருக்கு 6 மாத அவகாசம். பங்காளி ஆகப்போவதில்லை என்றால் அதற்குள் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் பங்காளியாகிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பலனில் முதன்முதலில் சேர்த்துக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து அந்தக் கடைக்கு இருக்கும் கடன்களுக்கும் அப்போது அவர் பொறுப்பு.